எஞ்சின் ஆறும் வரை

கலாதேவி எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள்.

"சூடா இருக்குங்க," என்றாள் இடது கையிலிருந்த கைப்பேசியிடம்.

திரையில் அவள் கணவர் தனேஸ்வரனின் முகம் பாதிதான் தெரிந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். பக்கத்து வீட்டு விமலாதான் அங்கே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆயர் தாவாரில் அவர் படுத்திருந்த அறைக்கும் சித்தியவானை ஒட்டிய இந்தப் பழைய வண்டிக் கடைக்கும் கால் மணி நேரத் தூரம்தான். ஆனால் அவ்வளவு தூரம் போகிற உடம்பு அவருக்கு இல்லை. நுரையீரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி ஒன்பது நாளாகிறது.

"அப்ப... ஸ்டார்ட் பண்ணாத," என்றார் அவர்.

கடைக்கார தவுக்கே ஆ சோங் பெருமையோடு பக்கத்தில் நின்றார். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். தமிழ் நன்றாகவே வரும். "காலைல எட்டு மணிக்கே ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு இப்பதான் அணைச்சேன் லா. உள்ள ஏர்கோன் ஜில்லுனு இருக்கு. உன் புருஷனுக்குச் சீக்கு, நீ காத்திருக்கக் கூடாதுன்னுதான்."

அவர் செய்தது உபசாரம். ஆனால் பழைய டீசல் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் கிடையாது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உள்ளே காற்றை இறுக்கு இறுக்கென்று இறுக்கி, அந்த இறுக்கத்தில் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. இரும்பு குளிர்ந்திருக்கும்போது அந்தச் சூட்டில் பாதியை இரும்பே குடித்துவிடும். உள்வளையங்கள் தேய்ந்திருந்தால் காற்றும் கசிந்துவிடும். அப்போதுதான் வண்டி இருமும், வெள்ளைப் புகை கக்கும், சாவியை நாலைந்து முறை திருப்ப வைக்கும். சூடேறிவிட்டாலோ, தேய்ந்த எஞ்சின்கூடப் புது மாப்பிள்ளை போல நல்ல பேர் எடுத்துவிடும். பழைய வண்டியின் யோக்கியதை தெரிய வேண்டுமானால் அது தூங்கி எழும்போது பக்கத்தில் இருக்க வேண்டும்.

தனேஸ்வரன் முப்பது வருடம் செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். அதன்பின் இருவருமாகத்தான் விசேஷ வீடுகளுக்கும் சாவு வீடுகளுக்கும் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். போன மழைக்காலத்தில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தோட்டத்துக் கோயிலில் கூடாரம் இறக்கிவிட்டுத் திரும்பிய கலாதேவியை அவர்களுடைய பழைய பிக்கப் செம்பனைக்காட்டின் நடுவே கைவிட்டுவிட்டது. மழை விடும்வரை எஞ்சினை அணைத்துக் காத்திருந்தாள்; ஆறிப்போன எஞ்சின் மறுபடி கிளம்பவே இல்லை. சேற்றில் இரண்டு மணி நேரம் நடந்து பெரிய ரோட்டுக்கு வந்த பிறகுதான் கைப்பேசிக்கு உயிர் வந்தது. நாற்பத்தோரு அழைப்புகள், எல்லாம் அவரிடமிருந்து. அதைப் பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. படுக்கையில் விழுந்தபின் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒன்றுதான்: நல்ல பிக்கப் ஒன்று வாங்க வேண்டும், அது கிளம்புவதை என் காதால் கேட்க வேண்டும்.

"அடிய தட்டிப் பாரு," என்றார் திரையிலிருந்து.

அவளைக் காரில் கூட்டிவந்த தம்பி ரூபன் சுத்தியலை நீட்டினான். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து நகர்ந்தாள். கடலோர ஊர்களில் மீன் ஏற்றிய வண்டிகளில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் அடிச்சட்டத்துக்குள் இறங்கிவிடும். மேலே சாயம் பளபளக்கும். உள்ளே இரும்பு அப்பளமாகியிருக்கும். முந்தின வாரம் பார்த்த வண்டி அப்படித்தான், தட்டினால் 'பொத்' என்றது. இது 'ணங்' என்றது.

"இன்னொரு தடவ... பின் சக்கரத்துக்கிட்ட."

ணங்.

திரையில் அவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாருக்கு. ஆறட்டும். ஆறினப்புறம் பாப்போம்."

"ஆறி முடிய அஞ்சாறு மணி நேரம் ஆகுமேங்க."

ஆக்சிஜன் இயந்திரம் மூச்சு விடும் ஓசை மட்டும் கைப்பேசி வழியே வந்தது. கலாதேவி அடியிலிருந்து வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டாள்.

"தவுக்கே, என்னால இங்க உக்காந்திருக்க முடியாது."

ஆ சோங்குக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. தலையைச் சொறிந்தார். "நீ எடுத்துட்டுப் போ லா. உன் வீட்டுலயே ஆறட்டும். பிடிக்கலைன்னா நானே வந்து எடுத்துக்கிறேன்."

பத்தரை மணிக்கு அவள் வண்டியை வாசலுக்குள் ஓட்டி வந்தாள். அவர் சன்னலுக்கு வெளியே ரம்புத்தான் மர நிழலில் நிறுத்தச் சொன்னார். வெயிலில் நின்றால் இரும்பு ஆறாது; நாம் ஏமாந்துவிடுவோம். பிறகு எஞ்சினுக்கு நேர் கீழே ஓர் அட்டையைப் போடச் சொன்னார். எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகினாலும் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். கலாதேவி அவருடைய பால்மாவுப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தாள்.

ரூபன் சன்னலில் தலையை நீட்டினான். "மச்சான், பொண்ணு பாக்கும்போதுகூட இவ்ளோ சோதன பண்ணியிருக்க மாட்டீங்க!"

"யாரு சொன்னா?" தனேஸ்வரன் ஒவ்வொரு சொல்லாக எடுத்தார். "உங்கக்காவ நான் பாத்ததே தோட்டத்துல... காலைல அஞ்சரை மணிக்கு, பேர் கூப்பிடுற இடத்துல. தூங்கி வழிஞ்ச மூஞ்சி. தல சீவல. கங்காணிகிட்ட சண்ட போட்டுக்கிட்டு இருந்தா."

"அப்பறம்?"

"அதான்... ஒரே தடவைல ஸ்டார்ட் ஆயிடுச்சே."

ரூபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வெக்கமில்ல ரெண்டு பேருக்கும்," என்று கலாதேவி அவர் வாயோரத்தைத் துடைத்தாள்.

வெளியே வண்டி 'டிக்... டிக்...' என்றது. சூட்டில் விரிந்த இரும்பு சுருங்கும்போது எழுப்பும் சத்தம். முதலில் நெருக்கமாகக் கேட்கும்; ஆற ஆற இடைவெளி நீளும். அவர் அதைக் கேட்டபடி கண்ணயர்ந்தார். பன்னிரண்டரைக்கு விழித்தார்.

"எவ்ளோ ஆறியிருக்கு?"

அவள் வெளியே போய்த் தொட்டுவிட்டு வந்தாள். "பால் குடிக்கலாம், அந்தச் சூடு."

"இன்னும் கொஞ்சம்." அவர் கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. "நீ தனியா இருக்கிறப்ப இது நிக்கக்கூடாது, கலா."

"நின்னா எறங்கித் தள்ளுவேன்."

"தள்ளுவே. தெரியும்."

இரண்டு மணி சுமாருக்கு மறுபடி கேட்டார். குரல் வரவில்லை, புருவத்தை சன்னல் பக்கம் உயர்த்தினார். அவள் ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வந்து, "புள்ளைய குளிப்பாட்டுற தண்ணி மாதிரி இருக்குங்க. இப்ப ஆயிடும்," என்றாள். அவர் தலையசைத்தார்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கைலிகளை மடித்தாள். நாலாவது கைலியை மடிக்கும்போது ஏதோ தோன்றி நிமிர்ந்து பார்த்தாள். இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. கைலியை மடித்து முடித்து மற்றவற்றின் மேல் வைத்தாள். பிறகு எழுந்து இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினாள். ஒன்பது நாளாக ஓயாத சத்தம் ஓய்ந்தது. வெளியே வண்டியிலிருந்தும் சத்தமில்லை.

நான்கு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். எத்தனையோ வீடுகளுக்கு அவர் கையால் போட்ட கூடாரத்தின் இரும்புக் கால்களை ரூபனும் இரண்டு வேலையாட்களும் பின்கட்டிலிருந்து தோளில் சுமந்து வந்தார்கள். ரூபனின் கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, கூடாரத்துக் காலு அந்த வண்டி நிக்கிற எடத்துலதான் ஊணணும். சாவி குடு, நான் எடுத்து வெளிய விட்டுடுறேன்."

"யாரும் தொடாதீங்க," என்றாள் கலாதேவி. எழுந்துவிட்டாள்.

"இப்ப என்ன வண்டி, கலா?" விமலா அவள் தோளைப் பிடித்து அமர்த்தப் பார்த்தாள். "நீ அவர் பக்கத்துல இரு. வெளிய போகக்கூடாது."

"இருங்கக்கா, வந்திடுறேன்."

முதலில் அவர் தலைமாட்டுக்குப் போய்ச் சன்னல் திரையை ஒதுக்கினாள். கண்ணாடித் தகடுகள் ஒவ்வொன்றும் படுக்கையாகத் திரும்பும்வரை கைப்பிடியை முழுதாகத் திருப்பினாள். பிறகு வெளியே வந்து எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இந்த முறை எடுக்கத் தோன்றவில்லை. வாசலில் பேச்சு அடங்கி எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் எடுத்தாள்.

ஏறி உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினாள். சுருள் வடிவச் சிறு விளக்கு மஞ்சளாக எரிந்தது. உள்ளே கம்பி சூடேறுகிறது என்று அர்த்தம். அது அணைவதற்குள் அவசரப்படுகிறவனுக்கு டீசல் வண்டி ஓட்ட யோக்கியதை இல்லை என்பார் அவர். அவள் காத்திருந்தாள். விளக்கு அணைந்தது. மீதிச் சாவியையும் திருப்பினாள்.

ஒரே சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் உரத்து எழுந்து, மெல்ல இறங்கி, ஒரே சீராக நின்றது. யாரும் சொல்லாமலே ரூபன் பின்பக்கம் போய்ப் புகைக்குழாய் அருகே குந்திப் பார்த்தான்.

"பொகையே இல்லக்கா," என்றான்.

கூடாரக் கால்களைத் தோளில் வைத்தபடி ஆட்கள் நின்றிருந்தார்கள். கலாதேவி அவர்களை அவசரப்படுத்தவும் இல்லை, தான் அவசரப்படவும் இல்லை. திறந்த சன்னலுக்கு நேராக வண்டியை ஓடவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு பின்னால் எடுத்து, சாலையோரத்தில் நிறுத்தி, அணைத்தாள்.

திரும்பி வந்தபோது வண்டி நின்ற இடத்தில் அட்டை மட்டும் கிடந்தது. இரண்டு ரம்புத்தான் சருகுகள் அதன் மேல் விழுந்திருந்தன. குனிந்து எடுத்துச் சருகுகளைத் தட்டிவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.

கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் உள்ளே போய், அவர் கால்மாட்டுச் சுவரில் அதைச் சாய்த்து வைத்தாள், எஞ்சினைப் பார்த்துக் கிடந்த பக்கம் அவரைப் பார்க்கும்படி.