ஆமென் சொல்லாத இரண்டு பேர்

ராஜமணி தம் ஜெபத்தில் செங்கோட்டையைத் தாண்டித் தேவிகுளத்துக்குள் நுழைந்தபோது ஜெயபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள். கண்ணை மூடினால் கோபம் வராமலா இருக்கும்?

ஜெபக்கூட்டம் நடக்கிற இடம் திருவிதாங்கூர்த் தலைநகரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு புளிக்கடையின் மாடி. மூன்று வருஷத்துக்கு முன்னால் மிஷன்காரர்கள் அதை வாடகைக்குப் பிடித்து, அங்கே புதிதாக ஒரு சபையை உண்டாக்கச் சொல்லி ஜெயபாயை நாகர்கோவிலிலிருந்து அனுப்பினார்கள். வீடு வீடாகப் போய்ச் சுவிசேஷம் சொல்வது அவள் வேலை. கடைத்தெருவில் எல்லோருக்கும் அவள் பைபிளம்மா. வெயிலில் அலைந்தாள், ஏச்சு வாங்கினாள், ஒருமுறை நாயிடம் கடியும் வாங்கினாள். மாடியில் கூடியதென்னவோ பிறக்கும்போதே வேதக்காரர்களாய்ப் பிறந்த எட்டுப் பத்துப் பேர்தான். புதிதாக ஓர் ஆத்துமாகூட வரவில்லை.

இருந்த எட்டுப் பத்துப் பேரும் 1954இல் எல்லைத் தகராறு கிளம்பியதும் இரண்டாகப் பிளந்தார்கள். தமிழ்த் தாலுகாக்கள் எல்லாம், தேவிகுளமும் பீர்மேடும் உட்பட, மதராசோடு சேர்ந்தே தீரவேண்டும் என்பவர் ராஜமணி, பெரியாஸ்பத்திரியில் கிளார்க். ஐக்கிய கேரளம்தான் வேண்டும் என்பவர் நெய்யாற்றின்கரை யோஹன்னான், தையல்காரர். கூட்டத்தில் அரசியல் பேசக்கூடாது என்று போதகர் கண்டித்துச் சொல்லிவிட்டார். பேச்சுதானே கூடாது? இரண்டு பேரும் அதை ஜெபத்தில் வைத்துக்கொண்டார்கள். ஜெபிக்கிறவரை யாரும் இடைமறிக்கக்கூடாது, கண்ணைத் திறக்கவும் கூடாது. இப்படி ஒரு மேடை எந்தக் கட்சிக்காரனுக்குக் கிடைக்கும்? ஒருவர் முடித்தால் மற்றவர் ஆமென் சொல்வதில்லை என்பது ஊரறிந்த விஷயம். பெண்களுக்கு முறை வருவதோ ஆண்கள் ஓய்ந்த பிறகு.

நாட்டு விஷயத்துக்காக ஜெபிப்பதில் ஜெயபாய்க்கு விரோதம் இல்லை. போராட்டத்தில் போலீஸ் தடியடி பட்டவர்களுக்காக அவளே அழுது ஜெபித்திருக்கிறாள். கர்த்தருக்குத் தாலுகா தாலுகாவாகப் பாடம் நடத்துவதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அதுவும் இன்றைக்கு. இன்றைக்குப் பிச்சம்மாள் வந்திருந்தாள்.

கீழே கடையில் புளியிலிருந்து கொட்டை எடுப்பவள் பிச்சம்மாள். அவள் மகள் உலகம்மைக்கு விடாத காய்ச்சல். கஷாயம் கொடுத்துப் பார்த்தாள், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயம். சபையார் எல்லோரும் சேர்ந்து பிள்ளைக்காக ஜெபிப்பார்கள், ஆஸ்பத்திரிக்காரர் ஒருவரும் அங்கே உண்டு என்று வாக்குக் கொடுத்து ஜெயபாய் அவளை மாடிக்கு அழைத்து வந்தாள். கூட்டம் தொடங்குமுன் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லவும் செய்தாள். ராஜமணி தலையாட்டினார். யோஹன்னானும் தலையாட்டினார். பிறகு இருவரும் கண்ணை மூடினார்கள்.

யோஹன்னான் காசர்கோடு முதல் கன்னியாகுமரி வரைக்கும் மலையாளத்தில் ஆசீர்வாதம் கேட்டு முடித்தார். அதற்குப் பதிலாகத்தான் ராஜமணி இப்போது தேவிகுளத்தில் நின்றார். பீர்மேடு பாக்கி இருந்தது.

பாய் சரசரத்தது. ஜெயபாய் கண்ணைத் திறந்தாள். பிச்சம்மாள் இருந்த இடம் காலி. எழுந்து ஓடிப்போய் மாடிப்படியில் அவளைப் பிடித்தாள்.

“பிள்ளைய அடுத்த வீட்டுல விட்டுட்டு வந்தேன் பைபிளம்மா. அவ்வோ ரெண்டு பேரும் எந்தெந்த ஊருக்கெல்லாமோ கேட்டாவ. எனக்க பிள்ள பேரு மட்டும் வரல்ல.”

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் ஜெயபாயைச் சுட்டது. மூன்று வருஷ அலைச்சலுக்குக் கிடைத்த ஒரே ஆள் படியிறங்கிப் போகிறாள். தானும் அல்லவா முறைக்காகக் காத்துக்கொண்டு கண்ணை மூடிச் சும்மா இருந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிச்சம்மாளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு மேலே போனாள். நேராக ராஜமணியின் தோளைத் தொட்டாள்.

பரிசுத்த ஆவியானவர்தான் தொட்டார் என்று நினைத்தாரோ என்னவோ, மனிதர் குரலை இன்னும் உயர்த்தினார்.

“ராஜமணி சாரே, ஆமென் சொல்லும். அந்தப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில ஒரு கட்டில் வேணும். அது ஒம்ம கையிலதான் இருக்கு.”

அறையில் எல்லாக் கண்களும் திறந்துகொண்டன. ஜெபத்தின் நடுவே ஒருத்தி பேசிவிட்டாள்! யோஹன்னான் முகத்தில் லேசான திருப்தி தெரிந்தது. ஜெயபாய் அவர் பக்கம் திரும்பினாள்.

“நீரும் எழும்பும். பிள்ளைய எடுத்துட்டு வர ஆள் வேணும்.”

பிச்சம்மாளின் அடுத்த வீட்டுக்குப் போய் யோஹன்னான் உலகம்மையைத் தோளில் போட்டுக்கொண்டார். ராஜமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குடை பிடித்தார். ஆஸ்பத்திரியில் அவர் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார், கட்டில் கிடைத்தது. அவ்வளவுதான் விஷயம். இதை ஒரு மணி நேரம் முன்னாடியே செய்திருக்கக்கூடாதா என்று ஜெயபாய் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனபின் ராஜமணி கட்டிலருகே நின்று கண்ணை மூடினார். “பரலோகப் பிதாவே, இந்தத் திருவிதாங்கூர் தேசத்திலே” என்று தொடங்கினார். ஜெயபாய் இருமினாள். அவர் கண்ணைத் திறந்து பிள்ளையைப் பார்த்தார். வறண்டுபோன உதட்டைப் பார்த்தார்.

“பிள்ளைக்குப் பேரு என்ன?” என்று பிச்சம்மாளிடம் கேட்டார்.

அவள் சொன்னாள். உலகம்மையைச் சுகமாக்கும் கர்த்தாவே என்று மட்டும் ஜெபித்தார். யோஹன்னான் ஆமென் என்றார். பழக்கம் இல்லாத பிச்சம்மாள் கொஞ்சம் பிந்தி ஆமென் என்றாள்.

வராந்தாவுக்குப் போனதும் இரண்டு பேரும் பீர்மேடு யாருக்கு என்று மறுபடி பிடித்துக்கொண்டார்கள். ஜெயபாய் வாசல்வரை போய், வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதலாவது ஜெபத்தைப் பிச்சம்மாள் செய்வாள் என்று சொன்னாள். பெண்களா முதலில் என்று ராஜமணி வாயைத் திறப்பதற்குள் பிள்ளையிடம் திரும்பிவிட்டாள்.