தவளையின் வயிறு

“நான் கேக்கிறது ஒண்ணுதான். நாப்பதுல இருந்த அளவை யாரு—”

“முதல்ல அந்த ஸ்பேனரைக் கீழ வைங்க. கையில எதையாவது வச்சுக்கிட்டுப் பேசினா எனக்கு—”

“பேச்சை மாத்தாதே. ஆறுன்னு யாரு வச்சது?”

“எலி வந்து வச்சிருக்கும்.”

அவர் ஸ்பேனரை மேசைமேல் போட்டார். மேசையோரம் நின்ற ரப்பர் தவளை உடனே வாயைப் பிளந்து, ஊரைக் கூட்டுவதுபோல் ஒரு கத்து கத்திவிட்டு அடங்கியது.

“பாத்தியா? அதுமேல என் விரல்கூடப் படல.”

பொழுதுபோக்குப் பூங்காவுக்காகப் புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்த பன்னிரண்டு தவளைகளில் இது கடைசி. குழந்தைகள் பஞ்சுச் சுத்தியலால் வயிற்றில் அடித்தால் கத்த வேண்டும். ரப்பரும் வாயும் மோட்டாரும் அவர் வேலை. வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் நாணயம் போன்ற சென்சாரும், அதன் அதிர்வை எண்ணாக்கும் சர்க்யூட்டும் அவளுடையவை. குறித்த அளவுக்கு மேலே போனால் அடி. கீழே இருந்தால் வெறும் அதிர்வு, கண்டுகொள்ளாதே. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

“பூங்கா மேனேஜர் காலையில போன்ல என்ன சொன்னார் தெரியுமா? பக்கத்துல குட்டி ரயில் போறப்பல்லாம் பதினொரு தவளையும் சேர்ந்து கத்துதாம். ‘உங்க தவளைக்கு அடியே வேணாம் சார், முறைச்சாலே அழுதுடுது’ங்கிறார். எனக்கு மானமே போச்சு.”

“பீடத்துல இன்னொரு சென்சார் வைக்கிறேன். ரயில் அதிர்வைத் தனியாப் பிடிச்சுக் கழிச்சிடலாம்.”

“தலையைச் சுத்தி ஏன் மூக்கைத் தொடணும்? அளவை ஏத்து. நாப்பதுன்னா மூணு வயசுப் பிள்ளை அடிச்சாலே கத்தும்னு நீதானே சொன்னே.”

“ஏத்த மாட்டேன்.”

“அதான் ஏன்னு கேக்கிறேன்.”

அவள் சர்க்யூட் பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

“மேஸ்திரியோட ஸ்கூல்ல அடுத்த மாசம் அங்கதான் கூட்டிட்டுப் போறாங்க. எல்லாப் பிள்ளைங்களும் அடிச்சாக் கத்தும். இவ அடிச்சா மட்டும் கத்தலைன்னா?”

மேஸ்திரி என்பது இவர்களுடைய மகள்தான். எந்தப் பொம்மையிலும் ஒரு குறை கண்டுபிடித்துவிடுவாள் என்று அப்பா வைத்த பெயர். அவள் அடித்துப் பார்த்து ‘பாஸ்’ போடாமல் அந்தப் பட்டறையிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை.

“கத்தாம என்ன? நேத்துகூடக் கத்துச்சே. டாக்டர்தான் கையில வலு குறைஞ்சுக்கிட்டே போகும்னு பயமுறுத்தினார். நான் தினம் பாக்கிறேன், அவ அப்படியேதான் இருக்கா, ஒரு மாத்தமும்...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

அவள் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். “மேல இருக்கிற கோடு ரயிலோட அதிர்வு. போன வாரமே நான் போய் அளந்துட்டு வந்தது.”

“கீழ?”

“நேத்து அவ அடிச்சது.”

இஸ்திரிக்குத் தப்பிய சுருக்கம் மாதிரி இருந்தது அந்தக் கோடு.

“அப்போ ரெண்டாவது சென்சார் வச்சா...”

“முன்னமே வச்சுப் பாத்துட்டேங்க. அப்ப சொன்னது சும்மா சமாளிப்புக்கு. ரயிலைக் கழிச்சா இவளும் சேர்ந்து போயிடுறா.”

“எப்ப இருந்து?”

“மழைக்கு முன்னாடி முப்பதாக்கினேன். அப்புறம் அவ முகம் வாடுறதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக்கிட்டே வந்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“அது கத்துறப்பல்லாம் நீங்க குதிச்சுக் குதிச்சுக் கை தட்டினீங்க. எந்த வாயால சொல்லச் சொல்றீங்க?”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிரீஸ் கை, கன்னமெல்லாம் கறுப்பானது. மற்ற நாளாயிருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

“பூங்கா வண்டி வந்துடும்,” என்றார் கடைசியில். “அவ வர்றதுக்குள்ள இதை மாத்தி அனுப்பிடலாம். அங்க இருக்கிற பதினொண்ணை நாளைக்குப் போய் மாத்திக்கலாம்.”

அவள்தான் எண்ணை மாற்றினாள். நாற்பது. அவர் ஸ்பேனரை எடுத்து மேசையில் போட்டுப் பார்த்தார். தவளை வாய் திறக்கவில்லை. “சரியாயிடுச்சு,” என்றார், யாருக்கோ துக்கம் சொல்வதுபோல.

வண்டி வருமுன்பே மேஸ்திரி வந்துவிட்டாள். வாசல் நிலையைப் பிடித்து ஒரு கணம் நின்று, பையைத் தோளிலிருந்து நழுவ விட்டாள்.

“என்ன, எனக்குத் தெரியாம மூட்டை கட்டுறீங்க?”

“இன்னிக்கு வேணாம்டா மேஸ்திரி. அவசரமா அனுப்பணும்,” என்றார் அப்பா.

“பாஸ் போடாமலா? நாளைக்கு ஊரே சிரிக்கும். நகருங்கப்பா.”

சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கினாள். முழங்கைகள் நடுங்கின. வயிற்றின் நடுவில், எப்போதும் அடிக்கும் இடத்திலேயே சரியாக அடித்தாள். தவளை சும்மா இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை அடித்தாள். அப்பா கை தட்டுவதற்காக உயர்த்திய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

மேஸ்திரி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு சுத்தியலை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“உள்ள ஏதோ ஒயர் கழண்டிருக்கும்மா. அதான், வேற ஒண்ணுமில்ல.”