நூற்றைம்பது டிகிரி

ஜப்பானின் செண்டாய் நகரத்து உலோக ஆய்வுக்கூடத்தில் மிசுஹோவும் சிகுசாவும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சிகுசாவின் பெயர் அதற்குள் நான்கு கட்டுரைகளில் ஏறிவிட்டது. மிசுஹோவின் பெயர் நன்றி சொல்லும் கடைசி வரியில் வரும். பேராசிரியர் இஷிமோரி மதியம் சிகுசாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலே மிசுஹோவுக்கு மிசோ சூப் தொண்டையில் இறங்காது.

உருக்கிய இரும்புக் கலவையைச் சுழலும் செப்புச் சக்கரத்தில் பீய்ச்சி, கண் இமைக்குமுன் உறையவைத்து நாடாவாக எடுப்பது அங்கே அன்றாட வேலை. அந்த அவசரத்தில் அணுக்களுக்கு வரிசை கட்ட நேரம் இருக்காது, தாறுமாறாகவே உறைந்துபோகும். ஆனால் நாளாக ஆக, சூடு பட்டால் சீக்கிரமாகவே, வரிசைக்கு வந்து படிகமாகிவிடும். அப்புறம் நாடாவின் காந்த குணம் கெட்டு, குப்பைக்குத்தான் போகும்.

சிகுசா தன் கலவையில் கொஞ்சம் செம்பும் நியோபியம் என்ற உலோகமும் சேர்த்திருந்தாள். ஒசாகாவுக்குக் கிளம்பும்போது நாடாவை மிசுஹோவிடம் கொடுத்தாள்.

"உள்ள இருக்கற இறுக்கம் தளரணும், நானூறு டிகிரில ஒரு மணி நேரம் வெச்சு எடுத்துடறியா? அதைத் தாண்டினாதான் படிகமாகும். நீ பாத்துக்கிட்டா எனக்குக் கவலையே இல்ல."

அந்த நம்பிக்கைதான் மிசுஹோவை அதிகம் எரித்தது. உலையை ஐந்நூற்றைம்பதில் வைத்தாள். எக்ஸ்ரே படத்தில் படிகத்தின் கூரிய கோடுகள் எழுந்ததைப் பார்த்துவிட்டு, அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

திரும்பி வந்த சிகுசா அளந்து பார்த்துவிட்டுப் பேராசிரியரைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

"சென்செய், இங்க வாங்களேன்! படிகமாயிருக்கு, ஆனா காந்தம் முன்னைவிடப் பத்து மடங்கு நல்லாருக்கு!"

செம்பும் நியோபியமும் படிகங்களை வளரவிடாமல் அத்தனை பொடியாக வைத்திருந்தன; அதுதான் காந்த குணத்தைக் கூட்டியிருந்தது. இஷிமோரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சிகுசா, உன் கை ராசியான கைம்மா."

மிசுஹோவால் அதைத் தாங்க முடியவில்லை.

"அது அவ கை இல்ல சென்செய், என் கை. ஐந்நூத்தைம்பதுல வெச்சது நான்."

"தவறுதலாவா?" என்றார் இஷிமோரி.

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் கைதவறி வந்ததென்றால் அதில் அவள் பெருமை என்ன?

"இல்ல. கெட்டுப்போகட்டும்னுதான் வெச்சேன்."

சிகுசா புது நாடா ஒன்றை மேசையில் வைத்தாள்.

"அதே மாதிரி இன்னொரு தடவை வை. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

இரண்டாம் முறையும் அப்படியே வந்தது.

கட்டுரையில் மிசுஹோவின் பெயர் இரண்டாவதாக வந்தது. போடச் சொன்னது சிகுசாதான். ஆனால் அதன்பிறகு அவள் மிசுஹோவிடம் எந்த வேலையையும் ஒப்படைக்கவில்லை, சாப்பிடவும் வேறு மேசைக்குப் போய்விட்டாள். இதழ் வந்த அன்று மிசுஹோ தன் பெயரை ஒருமுறைதான் படித்தாள். அதற்கு முன்னாலிருந்த சிகுசாவின் பெயரை எத்தனை முறை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது.