மாடு விற்ற வருமானம்

தொம்மலூர் ஆபீசில் எங்களுக்கு இருந்த வேலை, விவசாயக் குடும்பங்களின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு அரசாங்கத்துக்குக் கொடுப்பது. ஒரு தாலுகாவின் சராசரி குறைந்தால் அங்கே கடன் தள்ளுபடி உண்டு. கூடினால் கிடையாது. 2003 வறட்சியில் என் மேஜைக்கு வந்த தாலுகாவில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் இல்லை. வருமானம் மட்டும் உயர்ந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு வீடாகப் போய் விவரம் வாங்கி வந்த பச்சைமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருடைய அக்கா சந்திரம்மாவின் ஊரும் அதே தாலுகாதான். தள்ளுபடி வராவிட்டால் அக்காவின் நிலம் பேங்குக்குப் போய்விடும்.

"தீவனம் இல்லாம ஊரே மாட்ட வித்துடுச்சு மேடம். நம்ம ரூல்ல மாடு வித்தா அது வருமானம்."

இயக்குநர் தேசிகனிடம் சண்டைக்கே போனேன்.

"சார், கூரையப் பிரிச்சு வித்தாலும் வருமானம்னு போடுவீங்களா?"

"படிவத்துல கூரைக்குக் கட்டம் இல்லம்மா. கால்நடைக்கு இருக்கு." அவர் கேலி செய்யவில்லை, அதுதான் கொடுமை. "போன தடவையும் இதே முறைதான். இப்ப மாத்தினா ரெண்டையும் ஒப்பிட முடியாது ஜோவிதா."

மாடு விற்றது வறட்சியால்தான் என்று, மன்றாடி ஒரு அடிக்குறிப்பு சேர்த்தேன். பொடி எழுத்தில் அச்சாகி, யாரும் புரட்டாத பக்கத்தில் கிடந்தது. தள்ளுபடிப் பட்டியலில் அந்தத் தாலுகா இல்லை.

நிலம் ஏலத்துக்கு வந்த பிறகு சந்திரம்மா பொம்மனஹள்ளிக்கு, தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். ஒருநாள் தம்பியோடு ஆபீசுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஏன் தங்கள் ஊர் விட்டுப்போனது என்று கேட்டார். மறைக்க மனசு வரவில்லை, சொன்னேன்.

"எலும்பும் தோலுமா இருந்ததுங்கம்மா. கேட்ட வெலைக்கு ஓட்டிவிட்டேன். அதுவா என் சம்பாத்தியம்?"

எங்கள் கணக்கில் அப்படித்தான் என்றேன்.

"அப்ப விக்காம, கொட்டாய்லயே சாவ விட்டிருந்தா?"

பச்சைமுத்து தரையைப் பார்த்தார். எங்கள் விதிப்படி செத்த மாட்டுக்கு வருமானம் கிடையாது.

"ஊரே அப்படி விட்டிருந்தா, பட்டியல்ல வந்திருக்கும்க்கா," என்றேன்.

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தம்பி பக்கம் திரும்பி, தன் தலையில் அடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாமப் போச்சேடா முத்து. பட்டினி கெடக்குதேன்னு பார்த்து வித்துட்டனே."