அடுக்களை உப்பு

சனிக்கிழமை பிற்பகலில் எஸ்தாக்கி உபதேசியார் கோவில் வாசற்படியில் உட்கார்ந்து முள்முடி பின்னிக்கொண்டிருந்தார். கருவேலங்கிளை காய்ந்திருந்தால் ஒடிந்துவிடும், பச்சையாக இருந்தால் வளைக்கிற கையைப் பதம் பார்க்கும். இரண்டு விரலில் ரத்தம் கசிந்து காய்ந்துபோயிருந்தது. சித்திரை வெயிலில் எதிரே கம்பங்கொல்லைக் கரிசல் வெடித்துக் கிடந்தது. பின்னுவதை நிறுத்திவிட்டு அப்படியே படியில் சாய்ந்து படுத்துவிடலாமா என்றிருந்தது அவருக்கு. முந்தின வாரம், இயேசு பாடுபட்டதை நினைக்கிற பெரிய வாரம் முழுக்கச் செபம் சொல்லிக் கட்டிய தொண்டை இன்னும் திறக்கவில்லை.

அரியலூர்ப் பக்கத்துப் பங்கிலிருந்து சாமியார் மாதம் ஒருமுறை சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஊர் உபதேசியார் தலையில்தான். மணி அடிப்பது, பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கிறவர் தலைமாட்டில் உட்கார்வது, அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால் நடுவில் போய் நின்று இரண்டு அடி வாங்குவது, எல்லாம் அவர் வேலை. முள்முடி பின்னுவதும் அதில் சேர்த்தி. ஊரறியத் தப்புச் செய்தவர்கள் பூசை முடியும்வரை கோவில் நடுவில் முள்முடி வைத்து முழங்காலில் நிற்க வேண்டும் என்பது அந்த ஊரில் முப்பாட்டன் காலத்து ஏற்பாடு. குடிகாரர்களுக்கும் பெண்டாட்டியை அடித்தவர்களுக்கும் அவர் நிறையப் பின்னியிருக்கிறார். நாளைக்கு வைக்கப்போவது பிரகாசியின் தலையில்.

பிரகாசியின் புருஷன் மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனவன். ஜப்பான்காரன் அங்கே வந்தபிறகு அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அவன் விட்டுப்போன வண்டியையும் இரண்டு மாட்டையும் வைத்துப் பிழைத்தாள். அவளே வண்டி ஓட்டினாள். பொம்பளை வண்டி ஓட்டுவதா என்று ஊர் முகத்தைச் சுளித்தது. சுளித்த ஊரே சந்தைக்கு மூட்டை ஏற்ற அவளைத்தான் கூப்பிட்டது.

அந்த வருஷம் பார்த்துக் கல்லங்குறிச்சித் தேரும் பெரிய வாரமும் ஒன்றாக வந்து தொலைத்தன. பெரிய வியாழக்கிழமையன்று பிரகாசி பக்கத்து ஊர்ச் சனங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெருமாள் கோவில் தேருக்குப் போய்வந்தாள். வாடகை கிடைக்கிற நாளை விட்டால் அவளுக்கு அடுப்பு எரியாது. ஊரில் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். முணுமுணுப்பு தானாக அடங்கியிருக்கும். ஆனால் திரும்பிவந்த நாலாம் நாள் மயிலைக் காளைக்குக் கோமாரி கண்டது. வாயில் நுரை, குளம்பில் புண், தண்ணீர் இறங்கவில்லை.

அவள் உப்பு கேட்டு உபதேசியாரிடம் ஓடிவந்தாள். தை மாதம் வனத்து அந்தோணியார் திருநாளில் எல்லார் வீட்டு மாடும் கோவில் முன்னால் நிற்கும். சாமியார் உப்பை மந்திரித்துக் கொடுப்பார். எல்லாருக்கும் கொடுத்ததுபோக மிஞ்சுவது உபதேசியாரிடம் ஒரு ஜாடியில் இருக்கும். வருஷம் முழுக்க மாட்டுக்குச் சீக்கு என்று வந்தால் அதிலிருந்து ஒரு கை அள்ளிக் கொடுப்பார். அந்த வருஷம் சீக்கு அதிகம். ஜாடி மாசியிலேயே காலி.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பங்குக் கோவிலுக்கு நடந்துபோய் வாங்கிவந்திருக்கலாம். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல், கால் எழும்பவில்லை. அதைவிட, வாசலில் நின்ற அவள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எஸ்தாக்கி யார் முகம் வாடினாலும் பொறுக்கமாட்டாத மனுஷன். ஊரெல்லாம் அவரைத் தேடி வந்ததும் அதற்காகத்தான். அந்தப் பொறுக்காமை எத்தனை முறை தன்னைச் சின்னச் சின்னப் பொய்களில் கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். உள்ளே போனார். அடுக்களைச் சட்டியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளித் துணியில் முடிந்துகொண்டுவந்து கொடுத்தார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். மறுநாள் விடிவதற்குள் காளை செத்துப்போயிற்று.

அப்புறம்தான் ஊருக்கு நாக்கு நீண்டது. மந்திரித்த உப்பு போட்ட மாடெல்லாம் பிழைத்திருக்க, இவள் மாடு மட்டும் ஏன் சாகவேண்டும்? நாட்டாண்மை அருளப்பர் கூட்டத்தில் அதைத்தான் கேட்டார். ஆண்டவரே தீர்ப்புச் சொன்னபிறகு நாம் பேச என்ன இருக்கிறது என்றார். தேருக்குப் போனதை விட்டுவிட இருந்தவர்கள்கூட அதற்குத் தலையாட்டினார்கள். சாமியாருக்கும் ஆள்விட்டுச் சொல்லியாயிற்று. கூட்டத்தில் எஸ்தாக்கியும் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் உபதேசியார் வேலையோடு கோவில் வீடும் போய்விடும். இனி அவர் கையால் ஊரில் யாரும் ஒரு சொட்டுத் தீர்த்தம்கூட வாங்கமாட்டார்கள். அவர் திறக்கவில்லை.

முள்முடி பாதி முடிந்திருந்தபோது பிரகாசியே வந்தாள். படிக்குக் கீழே நின்று அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"முள்முடிக்கடியில துணி வச்சுக்கலாமுங்களா, உபதேசியாரே?"

வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் ஏற்பாடு. வைத்துக்கொள் என்றார் அவர். நெற்றியில் குத்திச் சீப்பிடித்துக்கொண்டால் வெயிலில் வேலை செய்ய முடியாது, அதற்காகத்தான் கேட்டேன் என்றாள். மிச்சமிருக்கும் ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு யாரிடமாவது உழவுக்கு ஜோடி சேரப்போவதாகச் சொன்னாள். அந்த மாடு கொட்டகையில் மற்றதன் இடத்தை மோந்துகொண்டே நிற்கிறதாம்.

"மாட்டுக்காச்சும் துக்கம் இருக்குது. நான் இன்னும் அழுவலைங்க," என்றாள். "என்னாலதான் செத்துதுன்னு ஆனப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அழுவறது?"

இதுதான் சமயம் என்று எஸ்தாக்கிக்குத் தெரிந்தது. ஆனாலும் ஆண்டவர் இரக்கம் பெரிசு, நாளையோடு எல்லாம் தீர்ந்துபோகும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அன்று சோறு இறங்கவில்லை. மனைவி மதலேனாள் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"நம்ம சட்டி உப்பு கொறைஞ்சா எனக்குத் தெரியாதுங்களா?"

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாமியார் வந்து சைக்கிளைச் சார்த்திவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவர் பாவத்தையும் தனியாகக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்தார். வரிசையில் கடைசியாக எஸ்தாக்கி போய் முழங்காலிட்டார். பலகைச் சல்லடைக்கு இந்தப் பக்கம் வாயை வைத்து உப்பைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று, இனிச் சாமியார் பார்த்துக்கொள்வார் என்று மூச்சு விட்டார்.



"ஏன் எஸ்தாக்கி, இத வெளிய வச்சு எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் சாமியார். அவர் குரலும் களைத்திருந்தது. "சங்கீர்த்தனத்துல கேட்டத நான் வெளிய சொல்லக் கூடாது, அத வச்சு ஒண்ணும் பண்ணவும் முடியாது. அந்தப் பொண்ண எழுந்திருன்னு சொன்னாக்கூட, ஏன்னு கேப்பாங்க. என் வாய நீயே கட்டிப்புட்ட."

இருபது வருஷமாக ஊருக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவருக்கு இது தெரியாதா? தெரிந்துதான் அங்கே போனோமோ என்ற எண்ணம் வந்தபோது எஸ்தாக்கிக்குத் தன்மேலேயே கசந்தது. வெளியே வந்து சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், வாசலில் நிற்கிறேன் என்றார் சாமியார். சொன்னபடியே வாசலில் வந்து நிற்கவும் செய்தார். ஆனால் அங்கே அருளப்பரும் நாலு பெரியவர்களும் கும்பிட்டுக்கொண்டு சூழ்ந்து நின்றார்கள். எஸ்தாக்கி பக்கத்தில் போனார். சாமியார் அவர் முகத்தையே பார்த்தார். மணி அடிக்க நேரமாச்சு சாமி என்றுதான் எஸ்தாக்கியால் சொல்ல முடிந்தது.

மணி அடித்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் மணலில் பிரகாசி. முள்முடியைத் தானே எடுத்து வைத்துக்கொண்டாள். துணி வைக்கவில்லை. வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். காதோரம் ஒரு கோடு ரத்தம் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. சாமியார் பீடத்தின் பக்கம் திரும்பிப் பூசையைத் தொடங்கினார். லத்தீன் யாருக்கும் புரியாது. உபதேசியார் தமிழில் செபத்தை எடுத்துக்கொடுக்க, சனங்கள் பின்னால் சொல்வதுதான் வழக்கம். எல்லாரும் அவர் முதல் வார்த்தைக்குக் காத்திருந்தார்கள்.

எஸ்தாக்கி எழுந்து நின்றார். எத்தனையோ வருஷமாக அந்த இடத்தில் நின்றவர்தான்.

"பிரகாசி மாட்டுக்கு நான் குடுத்தது மந்திரிச்ச உப்பு இல்ல," என்றார். கட்டிய தொண்டையில் குரல் கரகரவென்று வந்தது. "அது மாசியிலயே தீந்துபோச்சு. எங்க வூட்டு அடுக்களையிலருந்து அள்ளிக் குடுத்தேன். அந்த மாடு செத்தது இவ பாவத்தால இல்ல."

பூசை நேரத்தில் என்னய்யா பேச்சு இது என்று அருளப்பர் பல்லைக் கடித்தார். பின்னால் யாரோ தும்மினார்கள். சாமியார் திரும்பவில்லை. விரித்த கைகள் விரித்தபடியே நின்றன. எஸ்தாக்கி தன் இடத்தை விட்டு நடந்துவந்து, மணலில் பிரகாசிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார்.

பிரகாசி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அவர் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். பிறகு அவள் முகம் கோணியது. "எஞ் சாமி, எம் மயிலை," என்று ஒரு சத்தம் கிளம்பியது. கோவில் என்றும் பூசை என்றும் பாராமல், பிணத்தின் முன்னால் அழுவதுபோல மார்பில் அடித்துக்கொண்டு அந்தக் காளைக்காக அழுதாள். அழ அழ முள்முடி சரிந்து ஒரு பக்கம் தொங்கியது. முள்ளில் கூந்தல் சிக்கிக்கொண்டு தலையை ஆட்டும்போதெல்லாம் இழுத்தது.

வாடிய முகத்துக்குச் சொல்ல எஸ்தாக்கியிடம் எப்போதும் ஏதாவது ஒரு வார்த்தை இருக்கும். அன்று ஒன்றும் இல்லை. தேடவும் இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து மதலேனாள் எழுந்து வந்தாள். புருஷனைப் பார்க்காமல் பிரகாசியின் பின்னால் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, முள்ளிலிருந்து கூந்தலை ஒவ்வொரு இழையாக விடுவிக்கத் தொடங்கினாள். அவசரப்பட்டால் இழுக்கும். செபம் சொல்ல ஆளில்லாமல் கோவில் சும்மா இருந்தது. பீடத்தில் சாமியாரின் குரல் மெல்ல லத்தீனைத் தொடர்ந்தது. எஸ்தாக்கி கீறல் விழுந்த இரண்டு கைகளையும் ஏந்தியபடி, முள்முடி கழன்று தன் தலைக்கு வருவதற்காகக் காத்திருந்தார். அது இன்னும் வரவில்லை.