இரண்டாவது ஆள்

விடியற்காலை நாலே முக்காலுக்கு அன்புச்செல்வன் மூன்றாவது பேட்டரியைத் தள்ளுவண்டியில் ஏற்றினான். ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு கிலோ. தரையிலிருந்து முழங்காலுக்கு ஒரு தூக்கு, முழங்காலிலிருந்து வண்டிக்கு ஒரு தூக்கு. பிடிமானம் இல்லாத வழவழப்பான பெட்டி, விரல் நுனிகளை அறுத்தது. பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கதவைத் திறந்து சர்வர் கூடத்துக்குள் நுழைந்ததும் அந்த வேர்வையின் மேல் ஏசிக் காற்று சில்லென்று இறங்கியது. வெப்பத்திலிருந்து குளிருக்கும் குளிரிலிருந்து வெப்பத்துக்குமாகப் பன்னிரண்டு மணி நேரம் நடப்பதுதான் அவனுடைய வேலை.

திண்டிவனத்துக்கும் ஒலக்கூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளடங்கி நின்ற ஜன்னலில்லாத வெள்ளைக் கட்டடம் அது. ஊர்க்காரர்கள் கம்ப்யூட்டர் குடோன் என்பார்கள். உள்ளே சர்வர்கள் வரிசை வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. யாரோ எங்கோ ரயிலுக்கு டிக்கெட் எடுப்பதும் ஆஸ்பத்திரிக்குச் சீட்டுப் போடுவதும் அவற்றின் வழியாகத்தான். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை அவற்றை உயிரோடு வைத்திருப்பவை பேட்டரிகள். பேட்டரிகளை உயிரோடு வைத்திருப்பவர்கள் அன்புச்செல்வன் போன்றவர்கள்.

போன மாதம்வரை ஷிஃப்டுக்கு நான்கு பேர் இருந்தார்கள். பராமரிப்புக் காண்டிராக்ட்டை எடுத்திருந்த பரந்தாமன் அதை இரண்டாக்கினார். டெக்னீசியன் ஒருவர், மானிட்டர் அறையில் திரைகளைப் பார்க்க ஒருவர்.

அன்றைக்குத் திரைகளின் முன் இருந்தவள் கலையரசி. ஒலக்கூர் பக்கத்துப் பெண், பாலிடெக்னிக் படித்தவள், இருபத்தாறு வயது. வெப்பம், ஈரப்பதம், மின்னோட்டம் என்று ஒன்பது திரைகள். அந்த நாற்காலி ஒரு நிமிஷம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்பது விதி. இரண்டாம் கூடத்தின் பேட்டரி வரிசையில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது.

ஐந்து பத்துக்கு மேனேஜர் ஜெகதீசன் வீட்டிலிருந்து ஃபோன் செய்தார்.

"ஒம்பது மணிக்கு கஸ்டமர் இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்க. அந்த ரெட் மார்க் இருக்கக் கூடாது. அன்புகிட்ட இப்பவே மாத்தச் சொல்லு."

"சார், அவரு ஒத்தையா இருக்காரு. ஆறு மணிக்கு வேங்கடேசன் அண்ணன் வந்துடுவாரு. ரெண்டு பேருமா..."

"ஆறுக்கு மேல டைம் பத்தாதும்மா. சொல்றதைச் சொல்லு. ஜல்தி."

கலையரசி வாக்கிடாக்கியை எடுத்தாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு சொன்னாள். "அண்ணா, சார் இப்பவே மாத்தச் சொல்றாரு."

"ரப்பர் ஷீட்டைப் பிடிக்க ஆளில்லையேம்மா," என்றான் அன்புச்செல்வன். பிறகு, "சரி, பண்றேன்," என்றான்.

பேட்டரியை முழுக்க அணைத்துவைக்க எந்த சுவிட்சும் கிடையாது. வரிசையைத் துண்டித்தாலும் உள்ளே மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். ஒருவர் ஸ்பேனரைத் திருப்பும்போது பக்கத்து முனைகளை இன்னொருவர் ரப்பர் ஷீட்டால் மூடிப் பிடிக்க வேண்டும். இருவர் இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அன்புச்செல்வன் ஷீட்டை டேப் போட்டு ஒட்டிப் பார்த்தான். குளிரில் டேப் நிற்கவில்லை. இடது முழங்கையால் அழுத்திக்கொண்டு வலது கையால் நட்டைத் திருகினான். வேர்வைக் கையில் ஸ்பேனர் நழுவிப் பக்கத்து முனையில் பட்டது.

கலையரசி கேமராத் திரையில் பார்த்தது ஒரு வெள்ளை வெளிச்சத்தை மட்டும்தான். அதன் பிறகு அலாரம் அடித்தது. அவள் நாற்காலியை விட்டு ஓடினாள்.

இரண்டாம் கூடத்தில் உருகிய பிளாஸ்டிக் நாற்றமும் கருகிய சதை நாற்றமும் கலந்து நின்றன. அன்புச்செல்வன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வலது கை மணிக்கட்டுவரை வெந்து தோல் உரிந்திருந்தது. கண்களைத் திறக்க முடியவில்லை. "லைட்டு போயிடுச்சா?" என்று கேட்டான். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

துப்புரவு வேலைக்கு அப்போதுதான் வந்திருந்த குப்பம்மாள், அலாரம் கேட்டு ஓடி வந்தாள். பெண்கள் இருவரும் அவனைத் தள்ளுவண்டியில் சாய்த்து வாசல்வரை உருட்டிப் போனார்கள். ஆம்புலன்ஸ் அவனை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

ஒன்பது மணி இன்ஸ்பெக்‌ஷனைத் தள்ளிவைத்தார்கள். காலை பத்து மணிக்குச் சென்னையிலிருந்து பரந்தாமனின் கார் வந்தது. கலையரசியை ஜெகதீசனின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் டைப் அடித்த காகிதம் ஒன்று இருந்தது. டெக்னீசியன் தன்னிச்சையாக, அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கினார் என்று அதில் இருந்தது.

"படிச்சுட்டு கையெழுத்துப் போடும்மா," என்றார் பரந்தாமன்.

"நான்தான் சார் அவருகிட்ட சொன்னேன். ஜெகதீசன் சார் சொல்லச் சொன்னாரு."

"நீ நாற்காலியை விட்டு எழுந்து போனது பதினோரு நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷத்துல இந்தக் கட்டடத்தைப் பாக்க ஆளில்ல. அதுக்கு உன்னை இப்பவே வீட்டுக்கு அனுப்பலாம். அனுப்பல. யோசிச்சுக்கோ. சாயங்காலம் ஆறுக்குள்ள வேணும்."

ஜெகதீசன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கலையரசி வீட்டுக்குப் போகவில்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறி முண்டியம்பாக்கம் போனாள். வழியெல்லாம் ஒரே வாக்கியம் காதில் ஓடியது. அண்ணா, சார் இப்பவே மாத்தச் சொல்றாரு. முடியாது சார் என்று தான் ஒரு தடவை சொல்லியிருந்தால்? வாக்கிடாக்கியில் அவன் கிடைக்கவில்லை என்றாவது சொல்லியிருந்தால்?

வார்டில் அன்புச்செல்வனின் மனைவி ரோஜா இளநீரை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் கண்களிலும் கையிலும் கட்டு. பார்வை எப்படி இருக்கும் என்று நான்கு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காகிதத்தில் இருந்ததைக் கலையரசி மறைக்காமல் சொன்னாள். ரோஜா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அப்ப இவுருமேல தப்புன்னு ஆயிடும். நாளைக்கு இன்னா ஏதுன்னு கேட்டா, நீயாப் போயி கையை வச்சுக்கினேன்னுவாங்க. அதான?"

"அதான் அண்ணி."

அன்புச்செல்வன் கட்டுப் போட்ட முகத்தை அவள் பக்கம் திருப்பினான். தன்னைத் தேற்றுவான் என்று கலையரசி உள்ளுக்குள் எதிர்பார்த்தாள். அவன் தேற்றவில்லை.

"அவரு சொன்னாரு. நீ சொன்ன. நான் பண்ணேன்," என்றான். "மூணையும் எழுது. ஒண்ணையும் உடாத."

மாலை ஐந்தரைக்கு டீசல் தொட்டிக்குப் பின்னால் இருந்த இடத்தில், திரைகளின் முன் இருந்தவரைத் தவிர எல்லோரும் கூடினார்கள். எல்லா ஷிஃப்டும், லீவில் இருந்தவர்களும், துப்புரவும் சேர்த்துப் பதினான்கு பேர். கலையரசி நடந்ததைச் சொன்னாள். தான் வாக்கிடாக்கியில் சொன்னதையும் சொன்னாள்.

"எல்லாரும் வெளிய போயிடலாம்," என்றார் சகாயராஜ். ராத்திரி ஷிஃப்டுக்கு வந்திருந்த மூத்த டெக்னீசியன் அவர். "அப்பத்தான் இவங்களுக்குத் தெரியும்."

"போனா இன்னா ஆவும்?" என்று குப்பம்மாள் கேட்டாள். "வேற ஆளைக் கூட்டிக்கினு வருவாங்க. அவனும் ஒத்தையிலதான் நிப்பான். ஆஸ்பத்திரிக்காரங்களும் இதை நம்பித்தான் இருக்காங்கன்னு நீதான சொன்ன?"

"வேற இன்னாக்கா பண்றது?"

"போவ வேணாம். இருப்போம். ஷிஃப்ட் முடிஞ்ச ஆளு வீட்டுக்குப் போவாம அடுத்த ஆளோட நிக்கட்டும். ஒருத்தன் நட்டைத் திருப்புனா ஒருத்தன் ஷீட்டைப் பிடிக்கட்டும். ரெண்டாவது ஆளைப் போடற வரைக்கும் இப்படித்தான்னு சொல்லுவோம்."

எல்லோருடைய உடம்பிலும் ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேர அலுப்பு இருந்தது. காலை ஆறுக்கு வந்து ஷிஃப்ட் முடிக்கப்போகும் வேங்கடேசன்தான் முதலில், "நான் இருக்கேன்," என்றான். வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டு உள்ளே நடந்தான்.

ஆறு மணிக்குப் பரந்தாமன் இரண்டாம் கூடத்துக்கு வந்தபோது, காலையில் பாதியில் நின்ற பேட்டரியைச் சகாயராஜ் மாற்றிக்கொண்டிருந்தார். வேங்கடேசன் ரப்பர் ஷீட்டைப் பிடித்திருந்தான். மற்றவர்கள் கதவோரம் நின்றார்கள்.

"இன்னா இது, ஸ்டிரைக்கா?"

"இல்லீங்க. வேலை நடக்குது," என்றார் சகாயராஜ், திரும்பாமல்.

"ஷிஃப்ட் முடிஞ்சவன் உள்ள இன்னா பண்றான்?"

"ரெண்டாவது ஆளா நிக்கிறான்."

"நான் நிக்கச் சொல்லலையே."

"சுவத்துல எழுதியிருக்கீங்களே. ரெண்டு பேரு இல்லாம செய்யக் கூடாதுன்னு."

"யோவ், அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒட்டனது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. ஜெகதீசன் தலையைக் குனிந்துகொண்டார்.

பரந்தாமன் கலையரசியின் பக்கம் திரும்பினார். "கையெழுத்து எங்க?"

அவள் இரண்டு பக்கக் காகிதம் ஒன்றை நீட்டினாள். அவளே கையால் எழுதியது. ஐந்து பத்துக்கு வந்த ஃபோன், தான் சொன்னது, அவன் செய்தது. கீழே பதினான்கு கையெழுத்து. குப்பம்மாள் எழுத்துக் கூட்டித் தன் பெயரை முழுசாக எழுதியிருந்தாள்.

"தொழிலாளர் ஆபீசுக்கு ஒரு காப்பி நாளைக்குப் போவுதுங்க," என்றாள் கலையரசி. "இதுல தப்பா எதுனா இருந்தா ஜெகதீசன் சார் சொல்லட்டும். ஃபோன் பண்ணது அவருதான்."

எல்லோரும் ஜெகதீசனைப் பார்த்தார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"கார்டைக் கழட்டிக் குடு," என்றார் பரந்தாமன்.

அவள் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

"எங்களுதும் வேணுமாங்க?" என்று குப்பம்மாள் கேட்டாள்.

பரந்தாமன் பதினான்கு முகங்களையும் பார்த்தார். பின்னால் சர்வர்கள் இரைந்துகொண்டிருந்தன. "காலைல நாலு பேரு புதுசா வர்றாங்க. அப்பப் பாத்துக்கறேன் உங்களை," என்று சொல்லிவிட்டு வெளியேறினார். கலையரசியின் அட்டையை மட்டும் கொண்டுபோனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு விழுப்புரத்திலிருந்து வேன் வந்தது. கேட்டுக்கு எதிரே மதகுக் கட்டையில் கலையரசியும், ராத்திரி முழுக்க உள்ளே இருந்துவிட்டு வந்த குப்பம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர் சாப்பாட்டுப் பைகளோடு இறங்கினார்கள். எல்லோரும் முப்பதுக்குள்.

கலையரசி எழுந்து அவர்களிடம் போனாள். யாரையும் மறிக்கவில்லை.

"உள்ள போறதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்குங்க," என்றாள். அன்புச்செல்வனுக்கு நேர்ந்ததைச் சொன்னாள். "அவரைப் பண்ணச் சொன்னது நான். மேல இருந்து சொன்னாங்க, நான் சொன்னேன். நேத்து வரைக்கும் அப்படித்தான் ஓடிக்கினு இருந்துச்சு."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்களுக்கு வேலை வேணுங்க. ஒரு வருஷமா சும்மா இருக்கேன்," என்றான் ஒருவன்.

"வேலைக்குப் போவாதீங்கன்னு சொல்லல. ஒத்தையாப் போவாதீங்க."

அவர்களில் ஏழுமலை என்பவன் கேட்டான். "ஷிஃப்டுக்கு எத்தினி டெக்னீசியன்னு எங்ககிட்ட யாருமே சொல்லல. எத்தினி பேரு?"

"ஒருத்தர்."

"அந்த அண்ணனுக்குக் கண்ணு?"

"இன்னும் தெரியல."

வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். காவலாளி கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒருவன் இரண்டடி நடந்து நின்றான். மற்ற இருவரும் ஏழுமலையின் முகத்தைப் பார்த்தார்கள்.

ஏழுமலை பையைத் தோளிலிருந்து இறக்கினான். "ரெண்டு ரெண்டு பேராப் போடறதா இருந்தா வர்றோம்னு உங்க மேனேஜர்கிட்ட சொல்லுங்க," என்று காவலாளியிடம் சொன்னான். பிறகு மதகை நோக்கி வந்தான்.

குப்பம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். கலையரசியும் நகர்ந்தாள்.