கோல்கீப்பரின் நாற்பத்து மூன்று கையெழுத்துகள்

பரிசோதகரின் மேசையில் வைத்த போலிக் கையெழுத்து, டீ ஆறுவதற்குள் தாளைவிட்டு இறங்கித் தன்னைப் போட்டவர் வீட்டைத் தேடி நடந்துபோய்விடும். மெய்யானது இருந்த இடத்திலேயே இருக்கும். இருபத்தோரு வருடங்களாக இப்படித்தான் நடக்கிறது. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மாடிப்படி இறங்கிச் சுவரோரமாகப் போகும். வெளிநாடு போகவேண்டியவை தபால் நிலையத்தில் வரிசையில் நிற்கும். தபால்தலை இல்லாமல் அனுப்ப முடியாது என்று அங்கிருந்த குமாஸ்தா முதலில் முறுக்கிக்கொண்டார். எடைதான் ஒன்றுமில்லையே என்று பிறகு பையில் போட்டு அனுப்பத் தொடங்கினார். ஆட்டக்காரர், பாடகர் என்று யார் யாருடைய கையெழுத்தையோ இணையத்தில் வாங்கியவர்கள் பரிசோதகருக்கு அனுப்பிவைப்பார்கள். மை எங்கே தேங்கியிருக்கிறது, பேனா எங்கே தயங்கியிருக்கிறது என்று அவர் லென்ஸ் வைத்துப் பார்ப்பதெல்லாம் சான்றிதழில் நாலு வரி எழுதுவதற்காக. அச்சடித்த கையெழுத்துக்கு மட்டும்தான் லென்ஸ் உண்மையிலேயே தேவைப்பட்டது, அச்சுக்குக் கால் கிடையாது. சான்றிதழில் மெய், போலி என்று இரண்டே கட்டங்கள். ஒன்றில் டிக் அடித்து முத்திரை குத்திவிட்டு அடுத்த உறையைப் பிரித்துவிடுவார். போன எழுத்து யார் வீட்டுக்குப் போயிற்று என்று ஒருநாளும் எழுந்து பார்த்ததில்லை. திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலை, நமக்கெதற்கு வம்பு என்பது அவர் கட்சி.

ஒரு வியாழக்கிழமை காலை, பஸ் ஓட்டும் பெண்மணி ஒருவர் சீருடையோடு நேரிலேயே வந்தார். துண்டில் சுற்றிக் கொண்டுவந்தது ஒரு பழைய கோல்கீப்பரின் படம், குறுக்கே கையெழுத்து. அவருடைய கணவர் இணையத்தில் ஆசை ஆசையாக வாங்கிய பதினொரு கையெழுத்துகளும் போலியாகிப்போயிருந்தன. பெண்மணியின் தம்பி அதைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் நாலு பேர் கூடும்போதெல்லாம் "வாங்க கையெழுத்து மகாராஜா" என்று மச்சானை வரவேற்றான். எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் முதல் இரண்டு தடவை சிரித்தார். பிறகு படங்களைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுத் தரையைப் பார்த்து நடக்கிற மனிதராகிவிட்டார். ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த பன்னிரண்டாவது படம் வந்தபோது அதைப் பிரிக்கவே இல்லை. அதைத்தான் மனைவி தெரியாமல் எடுத்துவந்திருந்தார்.

"சின்ன வயசுல அந்த கோல்கீப்பருக்காகவே மழைல நின்னு மேட்ச் பார்த்தவரு சார். இதுவும் போலின்னா இனிமே தலையே நிமிர மாட்டாரு" என்றார்.

டீ பாதி ஆறியிருந்தது. முதலெழுத்து காலை ஊன்றி எழுந்தது, மற்றவை பின்னால் கிளம்பின. பரிசோதகருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் கை பழக்கத்தில் போலிக் கட்டத்துக்குப் போனது. அந்தக் கையைப் பெண்மணி அழுத்திப் பிடித்தார்.

"யாரு போட்டதுன்னே பார்க்காம எப்படி சார் டிக் அடிப்பீங்க? அவன் மூஞ்சிய நான் பார்க்கணும்."

சொல்லிக்கொண்டே படத்தோடு படியிறங்கிவிட்டார். மோசடிக்காரன் வீட்டுக்கு ஒரு பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று பரிசோதகரும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். பெரிய சாலையில் பெண்மணி கையைத் தூக்கி இரண்டு லாரிகளை நிறுத்தி எழுத்துகளைக் கடக்கவிட்டார். சலவைக்கடைச் சந்தில் திரும்பி, மூன்றாவது வீட்டின் கதவிடுக்கில் அவை நுழைந்தன. கதவைத் திறந்த வயதான அம்மாள், இறந்துபோன கோல்கீப்பரின் மனைவி. எழுத்துகள் அவர் புறங்கையில் ஏறி உட்கார்ந்தன.

"இதுவும் வந்துடுச்சா?" என்றார் அம்மாள்.

அவருடைய சமையலறைச் சுவரில், அஞ்சறைப்பெட்டிக்கு மேலே, அதே பெயர் நாற்பத்திரண்டு தடவை ஒட்டிக்கொண்டிருந்தது. பந்து பிடித்துப் பிடித்து விரல் ஒவ்வொன்றும் முறிந்து, கடைசி ஒன்பது வருடங்கள் கோல்கீப்பரால் பேனா பிடிக்க முடியவில்லையாம். கேட்டு எழுதிய ஒருவரையும் ஏமாற்ற மனமில்லாமல் மனைவியைப் போடச் சொல்லியிருக்கிறார். எதிரிலேயே உட்கார்ந்து, சுழிப்பு சரியில்லை என்றால் அழித்துத் திரும்பப் போடவைப்பாராம்.

"அவரு போன பின்னாடி ஒண்ணொண்ணா திரும்பி வர ஆரம்பிச்சுது. யாருக்கும் அவரு வேண்டாம்போல, திருப்பி அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார் அம்மாள். சொல்லும்போது அவர் அழவில்லை. பரிசோதகரால்தான் தாங்க முடியவில்லை. அந்த நாற்பத்திரண்டுக்கும் போலி என்று டிக் அடித்தது அவர் கைதான். அங்கேயே தரையில் உட்கார்ந்து தப்பை ஒப்புக்கொண்டார். அம்மாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பெண்மணி தன் கணவரைப் பற்றியும், மழையில் பார்த்த மேட்சைப் பற்றியும் சொல்லச் சொல்ல, அம்மாளின் முகம் மெல்ல மாறிற்று. மழைநாள் மேட்சில் கோல்கீப்பருக்கு எந்த விரல் முறிந்தது என்பதுவரை அவருக்கு நினைவிருந்தது. படத்தின்மேல் கையை வைத்து, "போங்க, உங்களைக் கேக்குறவங்க இருக்காங்க" என்றார். எழுத்துகள் இறங்கிப் பழைய இடத்தில் படுத்துக்கொண்டன.

பரிசோதகர் சான்றிதழில் கோடு போட்டு மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார். 'அவர் சொல்ல, மனைவி போட்டது' என்று எழுதி முத்திரை குத்தினார். அடுத்த ஒன்றரை வருடங்களில் நாற்பத்திரண்டு பேருக்கும் தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார். முப்பத்தேழு பேர் வெற்றுப் படத்தோடு அம்மாளைத் தேடி வந்தார்கள், அவர் வீட்டில் நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மீதி ஐந்து பேர் படத்தைத் தூக்கிப்போட்டிருந்தார்கள். அந்த ஐந்தும் சமையலறைச் சுவரிலேயே இருக்கின்றன, அம்மாள் அவற்றைச் சுற்றித்தான் ஒட்டடை அடிக்கிறார்.

பஸ் ஓட்டும் பெண்மணியின் கணவர் படத்தைக் கூடத்தில், நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்து பார்த்தபோது படத்தில் கையெழுத்தே இல்லை. மகாராஜா இந்தத் தடவை வெறும் காகிதத்தையே வாங்கிவிட்டார் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கணவர் தலையை நிமிர்த்தி அவனை நேராகப் பார்த்தார்.

"அந்த அம்மாவைப் பார்க்கப் போயிருக்கு மாப்ள. உட்காரு, சாயங்காலம் வந்துடும்."